ஆணுக்கு வலக்கை

பீடச்சபைக் கூட்டத்தில்
எதிர்த்துக் கையுயர்த்திய நால்வரில் நானும் ஒருத்தி.
வானுக்கு யார் காசு கட்டுவது என்று கேட்டேன்.
மற்றப் பிள்ளைகள் பயப்படாதா என்று கேட்டேன்.
நல்ல கேள்விகள்தான். கூட்டக் குறிப்பில் இன்னும் இருக்கின்றன.
நீதவான் ஒரே வரியில் அனுமதி கொடுத்துவிட்டார்.

பதினாலு நாளைக்கு ஒருக்கால் அவனுக்குத் தவணை.
குற்றப்பத்திரம் வராமலே முப்பத்தொரு தவணை.
பள்ளிக்கூடத்தில் நாங்களும்
அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் படித்தோம்.

கப்பல்துறை வைத்தியசாலைக்கு எட்டே காலுக்கு வந்தார்கள்.
சீனக்குடாவில் ரயில் கடவை பூட்டியிருந்ததாம்.
சுட்டெண் சரி.
அடையாள அட்டைப் படத்தில் அவனுக்குக் கன்னங்கள் இருந்தன.
யதுர்ஷன், சித்த மருத்துவம், இறுதி வருடம்.
'தற்போதைய வதிவிடம்' என்ற கட்டத்தில்
விளக்கமறியல் என்று எழுதினான்.
விளக்கம் அறியல் என்றும் அதைப் பிரிக்கலாம்.
பிரித்து வாசித்துவிட்டு, கையொப்பமிட்டேன்.

நோயாளியாக இருக்க ஒப்புக்கொண்ட மூன்று பேரும்
சங்கிலியைக் கண்டதும் எழும்பிவிட்டார்கள்.
ஒருவருக்கு பஸ்.
ஒருவருக்கு மகள் கோல் எடுக்கிறாள்.
மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பைத் தேடினார்.
நோயாளி இல்லாமல் நாடிப் பரீட்சை இல்லை.
'சமுகமளிக்கவில்லை' என்று போடலாம், விதியில் இடமிருக்கிறது.
பேனையைத் திறந்தேன்.
எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, ஏன் மறைப்பான்.

கதவோரத்தில் நின்ற சிறைக்காவலர் ஹேரத்
கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"மிஸ், நான் சரிவருமா?"
இடக்கையை நீட்டினார்.
"ஆம்பிளைக்கு வலக்கை" என்றான் பெடியன்.

வலக்கையில் திறப்புக்கோர்வை.
எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.
மேசையில் வைக்கேலாது, மடியிலும் ஏலாது.
கடைசியில் என்னிடம் தந்தார்.

பெருவிரல் பக்கம், மணிக்கட்டிலிருந்து ஓரங்குலம்.
விலங்கு உட்காரும் அதே இடம்.
அவனுக்கு அங்கே தோல் கறுத்திருந்தது.
மூன்று விரல் வைத்தான், வாதம், பித்தம், ஐயம்.
சங்கிலி சிணுங்கியது. எடுத்தான்.
திரும்ப வைத்தான். திரும்பவும்.
"சத்தத்தில கேக்காது மிஸ்."

நாடி விரலுக்குத்தானே, காதுக்கு இல்லையே என்று
நான் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு புள்ளி குறைத்துமிருக்கலாம்.
ஹேரத்தைப் பார்த்தேன்.
ஹேரத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"சின்னது. மஞ்சள் நூல் கட்டினது."

திறந்தேன்.

பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு
மூச்சு விடவும் மறந்தவன்போல் இருந்தான்.
"பித்தம் ஏறியிருக்கு. வாதம் குறுக்க வந்து முட்டுது.
ஐயாவுக்கு நாலைஞ்சு மாசமா நித்திரை இல்லை."
ஹேரத் கையை இழுக்கவில்லை.
"யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார், சிரிக்காமல்.

இங்கேதான் எனக்குச் சிக்கல்.
இரவுக்கடமையில் இந்த மனிதர் நடப்பதை
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனை இரவு பார்த்திருப்பான்.
இது நாடியா, பதினாலு மாதக் கவனிப்பா?
என் மூன்று விரல்களையும் அதே கையில் வைத்தேன்.
பித்தம் ஏறித்தான் இருந்தது.
வாதம் எனக்குப் பிடிபடவில்லை.

இருபதுக்குப் பதினாறு.

விலங்கை ஹேரத்தே பூட்டினார்,
ஒரு பல் தளர்த்தி.
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.
திறப்பைத் திருப்பிக் கொடுத்ததற்கு என்னிடம் படிவம் இல்லை,
வாங்கியதற்கும் இல்லை.

வான் திரும்பும்போது
கண்ணாடி வழியே அவன் கேட்டான்,
எழுத்துப் பரீட்சை எந்தத் திகதி என்று.
பதினெட்டு என்றேன்.
ஹேரத் கொப்பியைப் புரட்டினார்.
அடுத்த தவணையும் பதினெட்டு.

இரண்டு இடத்திலும் ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.
எந்த இடத்தில் எழுதுவது,
சமுகமளிக்கவில்லை என்று?